அம்மன் கொடைக் கமிட்டியாருக்கும் ஒலி-ஒளி அமைப்பாளர்களுக்கும்: மேடை லேசர் குறித்து ஒரு திறந்த மடல்

தென் மாவட்டங்களில் ஆண்டுதோறும் அம்மன் கொடை நடத்தும் ஊர்க் கமிட்டியாருக்கும், அந்த விழாக்களுக்குச் சவுண்ட் சர்வீஸும் சீரியல் விளக்கும் போட்டுத் தரும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். லேசர் என்ற பொருளோடு எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் உண்டு. எங்கள் ஊர்க் கொடைக்குத் தவறாமல் தலைக்கட்டு வரி கொடுப்பவன் என்பதால், மேடையில் என்ன ஓடுகிறது என்று கேட்கும் உரிமையும் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

சென்ற ஆடியில் எங்கள் ஊர்க் கொடையின் இரவு, வில்லுப்பாட்டு முடிந்து இன்னிசைக் கச்சேரி தொடங்கியபோது, மேடையின் இரு ஓரக் கம்பங்களிலும் கட்டியிருந்த கறுப்புப் பெட்டிகளிலிருந்து பச்சைக் கோடுகள் கிளம்பின. முதலில் அவை வேப்பமரத்து உச்சியில் ஆடிக்கொண்டிருந்தன. புகையில் அவை வெட்டி வெட்டிச் சென்ற அழகை நானும் ரசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு யாரோ ஒருவர் பெட்டியைச் சற்றுக் கீழே சாய்த்துவிட்டார். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள், குழந்தைகள் முகங்களின் மீது அந்தக் கோடுகள் போய்வரத் தொடங்கின. பக்கத்து வீட்டு இளைஞர் மகளை மடியில் வைத்துக்கொண்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அந்தப் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். சுவரைப் படம் பிடித்தாலும், வானத்தைப் பிடித்தாலும், மகளைப் பிடித்தாலும் படத்தின் குறுக்கே ஊதா நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்றும் இருந்தது. “லென்ஸைத் துடைத்தால் போயிராதா சார்?” என்று கேட்டார். போகாது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்து, அந்தப் பச்சைக் கோட்டை உள்ளிருக்கும் உணர்பலகையில் (சென்சாரில்) ஒரு புள்ளியாகக் குவித்தது. அந்தப் புள்ளி கருகிவிட்டது.

கண்ணும் அதே அமைப்புத்தான். முன்னால் வில்லை, பின்னால் விழித்திரை. போனுக்கு வேறு கேமரா மாற்றிக்கொள்ளலாம். அந்தக் குழந்தை அன்றிரவு தூங்கிப்போயிருந்தாள் என்பதைத் தவிர அவள் கண்ணுக்கு வேறு காப்பு எதுவும் அங்கே இருக்கவில்லை.

லேசரே வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. மேடையில் வரிசையாக வைக்கும் மற்ற விளக்குகளைப் போன்றதே இதுவும் என்று நீங்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். இளைஞர்கள் ‘ஷார்பி’ என்று சொல்லும் சுழலும் கற்றை விளக்கைப் பார்த்துவிட்டு அதையும் லேசர் என்றே பலர் அழைக்கிறார்கள். அது வேறு. அதற்குள் இருப்பது ஒரு பல்பும் அதன் ஒளியைக் குறுக்கும் கண்ணாடிகளும்தான். அது கூசும், எரிச்சல் தரும். ஆனால் லேசர் செய்யும் வேலையை அது செய்யாது.

ஒரு குழல்விளக்கில் எண்ணற்ற அணுக்கள் தத்தம் போக்கில், தத்தம் நேரத்தில், எல்லாத் திசையிலும் ஒளியை உமிழ்கின்றன. கிளர்ந்த நிலையில் இருக்கும் ஓர் அணுவின் அருகே தக்க ஒளித்துகள் ஒன்று கடந்து போனால், அந்த அணுவும் அதே திசையில், அதே அலைநீளத்தில், அலையின் அதே ஏற்ற இறக்கத்தோடு இன்னோர் ஒளித்துகளை உமிழும் என்று ஐன்ஸ்டைன் 1917இல் கணக்கிட்டுக் காட்டினார். சந்தை இரைச்சலுக்கும் கும்மிக்கும் உள்ள வேறுபாடு அது. சந்தையில் ஆயிரம் பேர் கத்தினாலும் அது வெறும் இரைச்சல். இருபது பெண்கள் ஒரே தாளத்தில் கை தட்டினால் அது தெரு முனை வரை கேட்கும். ஐன்ஸ்டைனின் கணக்கு கருவியாக மாற நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1960 மே 16 அன்று, கலிபோர்னியாவின் மலிபுவில் இருந்த ஹியூஸ் ஆய்வகத்தில், தியடோர் மெய்மன் ஒரு சிறு செயற்கை மாணிக்கத் தண்டைச் சுற்றி, போட்டோ எடுக்கப் பயன்படும் சுருள் வடிவ பிளாஷ் விளக்கைப் பொருத்தி, உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அவருடைய கட்டுரையை முதலில் பெற்ற இயற்பியல் இதழ் அதை வெளியிட மறுத்துவிட்டது என்பது ஒரு வேடிக்கை. தமிழில் இதற்குச் ‘சீரொளி’ என்று பெயரிட்டார்கள். பேச்சில் அந்தச் சொல் நிலைக்கவில்லை என்றாலும், பொருளை அவ்வளவு பொருத்தமாகச் சொல்லும் கலைச்சொல் அரிது.

சீராக இருப்பதால் அது அதிகம் விரிவதில்லை. உங்களுக்கு வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது. சாதாரண பல்பு ஒன்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்மணிக்குள், அந்தப் பல்பு உமிழும் ஒளியில் கோடியில் ஒரு பங்குகூட நுழைவதில்லை. லேசர்க் கோடு அதே 10 மீட்டரிலும் சில மில்லிமீட்டர் அகலமே இருப்பதால், அது கண்ணில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விடுகிறது. போவதோடு நிற்பதில்லை. இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும். அதன் வழியே நுழையும் சீரான கற்றையைக் கண் வில்லை, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியாக விழித்திரையில் குவிக்கிறது. கண்ணின் வாசலில் இருந்த செறிவு விழித்திரையை அடையும்போது லட்சம் மடங்கு கூடிவிடுகிறது. வெறும் ஒரு மில்லிவாட் லேசர் விழித்திரையில் உண்டாக்கும் செறிவே, நடுப்பகல் சூரியனை நேருக்கு நேர் பார்ப்பதால் உண்டாகும் செறிவை விட அதிகம். கொடை இரவில்தான் நடக்கிறது என்பதையும், இரவில் எல்லாருடைய கண்மணியும் விரிந்தே இருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இதே பச்சை லேசர் என் அண்ணனின் பார்வையைக் காப்பாற்றியது. அவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியத் தொடங்கியிருந்தன. மருத்துவர் சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரியச் செய்து, தாடையைத் தாங்கியில் பதிக்கச் சொல்லி, கண்மேல் ஒரு வில்லையைப் பொருத்தி, காலால் மிதியை அழுத்த அழுத்த, டிக், டிக் என்ற ஓசையோடு பச்சைப் புள்ளிகள் உள்ளே பாய்ந்தன. ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர், நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு, திறன் சில நூறு மில்லிவாட். பல அமர்வுகளில், ஒரு கண்ணுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் விழித்திரையில் வேண்டுமென்றே வைத்த ஒரு சிறு தீக்காயம். நடுப்பார்வையைக் காப்பதற்காக ஓரத்தைத் தெரிந்தே சுடும் மருத்துவம் அது. அந்த அறையின் கதவு மூடியிருந்தது. கதவில் லேசர் எச்சரிக்கைப் பலகை தொங்கியது. மருத்துவரின் கண்ணுக்கு முன்னால் வடிகட்டி இருந்தது. துணைக்கு நின்ற என்னிடமும் ஒரு காப்புக் கண்ணாடியைக் கொடுத்த பிறகே கருவியை இயக்கினார்கள்.

மருத்துவரின் கருவியில் இருந்த திறன் சில நூறு மில்லிவாட். எங்கள் ஊர் மேடைப் பெட்டியின் பின்புறத் தகட்டில் 3 வாட் என்று எழுதியிருந்தது. ஒரு வாட் என்றால் ஆயிரம் மில்லிவாட்.

லேசரால் நல்லது நடக்கும் இடங்களை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவற்றில் எல்லாம் பொதுவாக இருப்பது ஒன்றுதான். கற்றை பெட்டிக்குள் அடைபட்டிருக்கும், அல்லது அதன் திறனும் திசையும் நேரமும் அளவிடப்பட்டிருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் சோப்புக் கட்டியைத் திருப்பிக் காட்டும்போது ஓடும் சிவப்புக் கோடு, 1974இல் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் தொடங்கிய பழக்கம். அந்தக் கோட்டின் திறன் மிகக் குறைவு, அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் விரைந்து ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வரும் பைபர் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் முடியளவு கண்ணாடி இழைக்குள் அடங்கிக் கிடக்கிறது. நம் ஊர் இரும்புக் கடைகளில் கேட்டுக்கு மயிலும் தாமரையும் வெட்டித் தரும் ‘லேசர் கட்டிங்’ இயந்திரங்கள் மூடிய அறைக்குள் ஓடுகின்றன. அக்ரிலிக், மரம், துணி வெட்டும் கரியமில வாயு லேசரை 1964இல் கண்டுபிடித்தவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல்.

சென்னையில் 1929இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றிப் போட வைக்கும் லேசிக் சிகிச்சையின் வேர் அவரிடம் இருந்தும், நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் அவரும் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகிய இருவரும் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள, எக்சைமர் என்னும் புறஊதா லேசரை வைத்து நெகிழிகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். 1981இல், அமெரிக்கர்களின் நன்றியறிதல் நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டைச் சீனிவாசன் ஆய்வகத்துக்குக் கொண்டுவர, அதன் மீது லேசரைப் பாய்ச்சினார்கள். கருகாமல், சுற்றிலும் வெந்து போகாமல், கூரிய விளிம்போடு அது வெட்டுப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவரும் சீனிவாசனும் சேர்ந்து அதைக் கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் கருவிழிப் படலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐ.பி.எம். ஆய்வாளர் மூவருக்கும் 2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார்.

அந்த வெட்டு ஏன் அவ்வளவு சுத்தமாக விழுந்தது? 193 நானோமீட்டர் ஒளியைத் திசுவின் மேல்தோல் முழுவதுமாக உறிஞ்சிக்கொள்கிறது, உள்ளே விடுவதில்லை. ஆகவே அது கருவிழிப் படலத்தைச் செதுக்கும், விழித்திரையைத் தொடாது. மேடையில் நீங்கள் வைக்கும் 532 நானோமீட்டர் பச்சையோ கருவிழிப் படலத்தையும் வில்லையையும் தடையின்றிக் கடந்து, நேரே விழித்திரைக்குப் போய், அங்கிருக்கும் நிறமியில்தான் உறிஞ்சப்படுகிறது. என் அண்ணனுக்குப் பச்சையைத் தேர்ந்தெடுத்ததற்கு எது காரணமோ, அதுவே உங்கள் பச்சையை நான் அஞ்சுவதற்கும் காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 மாலை, விக்ரம் நிலவில் இறங்கியதை நம் கோயில் திடலில் திரை கட்டிப் பார்த்துக் கை தட்டியது நினைவிருக்கும். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்று அறிந்து ஊரே மகிழ்ந்தது. இறங்கும் உயரத்தையும் வேகத்தையும் விக்ரமுக்குச் சொன்ன கருவிகளில் லேசர்க் கருவிகளும் இருந்தன. அதன் மேல்தளத்தில் இருந்த சிறு எதிரொளிப்பானில், 2023 டிசம்பரில், நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசர் துடிப்புகளைப் பாய்ச்சித் திரும்பப் பெற்றது. அப்பல்லோ வீரர்கள் 1969இலும் 1971இலும் வைத்துவந்த எதிரொளிப்பான்களை வைத்துத்தான், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அவ்வளவு தொலைவு போய் ஒரு கையகலப் பொருளைத் தேடித் தொட்டுவரும் கற்றையை, முப்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே விடலாமா என்பதே என் கேள்வி.

“பத்து வருஷமா ஓட்டுறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்று எங்கள் ஊரில் ஒருவர் பதில் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? விழித்திரையில் வலி நரம்பு இல்லை. சுட்டாலும் கண் நோகாது. காயம் நடுப்பார்வையில் படாமல் சற்றுத் தள்ளி விழுந்தால், அந்த ஓட்டையை மூளை சுற்றியிருப்பதைக் கொண்டு ஒட்டுப்போட்டு மறைத்துவிடும். ஆறு மாதம் கழித்து ஒரு பையன் கரும்பலகை எழுத்து கலங்குகிறது என்று சொன்னால், கொடை இரவையும் அந்தப் புகாரையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார் யாரும் இல்லை. மகாராஷ்டிரத்தில் விநாயகர் ஊர்வலங்களில் கண் பாதிக்கப்பட்டோரைப் பற்றி மருத்துவர்கள் எச்சரித்த பிறகுதான், புணேயில் காவல்துறை 2024இல் இந்த லேசர் விளக்குகளுக்குத் தடை விதித்தது. நம் பக்கத்தில் தடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அமைப்பாளர் தம்பிமாருக்கு முதல் வேண்டுகோள், பெட்டியின் பின்புறத் தகட்டைப் படியுங்கள் என்பதே. லேசர்களுக்கு உலக அளவில் 1 முதல் 4 வரை வகுப்புகள் உண்டு. வகுப்பு 2 என்றால் ஒரு மில்லிவாட்டுக்குள். கூசியதும் நாம் இமையை மூடிவிடும் கால் நொடி நேரத்துக்குள் அது தீங்கு செய்யாது. வகுப்பு 4 என்றால் 500 மில்லிவாட்டுக்கு மேல். அதில் இமை மூடும் நேரம் போதாது. வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அருகில் இருந்து பார்ப்பதே தீங்காகலாம், துணியில் பட்டால் தீப்பற்றலாம். வாடகைக்கு வரும் மேடை லேசர்களில் இந்த வகுப்பு உண்டு. தகடே இல்லாத பெட்டி வந்தால் அதை நான்காம் வகுப்பாகவே கொள்ளுங்கள்.

இரண்டாவது, உயரம். மக்கள் நிற்கும் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழேயும், பக்கவாட்டில் அவர்களிடமிருந்து 2.5 மீட்டருக்குள்ளும் கற்றை வரக்கூடாது என்பது வெளிநாட்டு நிகழ்ச்சிகளில் நெடுநாளாக உள்ள விதி. தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக் கும்பிடும் நம் கூட்டத்துக்கு அதை 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியைக் கம்பத்தில் கயிற்றால் கட்டாதீர்கள். கயிறு தளரும், காற்றில் பெட்டி சாயும், அல்லது எங்கள் ஊரில் நடந்தது போல ஒருவர் கை வைத்துச் சாய்ப்பார். போல்ட் போட்டு முடுக்குங்கள். கீழ்ப்பக்கம் கற்றை இறங்காதபடி பெட்டியின் வாயில் ஒரு தகரத் தகட்டை வளைத்து மறைப்பாக வைத்துவிட்டால், யார் சாய்த்தாலும் கோடு தகரத்தில்தான் முட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சாயாவுக்கும் வடைக்கும் மேல் போகாது. கோடு போய் முட்டும் இடத்தில் குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், கண்ணாடி பதித்த சப்பரம் எதுவும் இல்லாதபடி பகலிலேயே பார்த்து வையுங்கள். கோட்டை வெறும் வானத்திலும் விடாதீர்கள். சென்னையில் தரையிறங்கும் விமானங்களின் மீது லேசர் பட்டதாக வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். வாகைக்குளத்துத் தூத்துக்குடி விமான நிலையத்திலும் மதுரையிலும் விமானம் இறங்கும் பகுதிக்காரர்கள் நாம். பெட்டிக்குள் கண்ணாடியை ஆட்டிக் கோட்டை நகர்த்தும் மோட்டார் நின்றுவிட்டால் கோடும் ஓரிடத்திலேயே நின்றுவிடும். அப்போது உடனே மின்சாரத்தைத் துண்டிக்க, பெட்டிக்குத் தனிச் சுவிட்சும் அதனருகில் பொறுப்பான ஓர் ஆளும் வேண்டும்.

கமிட்டியாருக்கு ஒன்றே ஒன்று. திருவிழாக் கடைகளை ஏலம் விடும்போது, லேசர் டார்ச் விற்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். பலூனுக்கும் பீப்பிக்கும் நடுவில் சாவிக்கொத்தோடு தொங்கும் அந்தப் பச்சை டார்ச்சை நான் ஒருமுறை வாங்கிக் கல்லூரிக் கருவியில் அளந்தேன். ஒட்டியிருந்த சீட்டில் 5 மில்லிவாட்டுக்குள் என்று இருந்தது. கருவி காட்டியது நாற்பதுக்கு மேல். அந்தப் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. உள்ளே ஓர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அதிலிருந்து வரும் 1064 நானோமீட்டர் ஒளியை இன்னொரு படிகம் பாதி அலைநீளத்துக்கு, அதாவது 532க்கு, மாற்றுகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். விலையைக் குறைக்கிறவர்கள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் 2010இல் ஆராய்ந்த ஒரு மலிவு டார்ச்சில், பச்சையை விட அகச்சிவப்பே அதிகமாக வெளிவந்தது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கண் கூசாது, இமையும் மூடாது. பிள்ளைகள் அதை முதலில் யார் முகத்தில் அடித்துப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டுக் கொடைக்குக் கால்நாட்டுக்கு முன்பே பெட்டிகளை எனக்குக் காட்டினால், ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து, எந்த உயரத்தில் எந்தக் கோணத்தில் வைக்கலாம் என்று கம்பத்திலேயே சுண்ணாம்பால் குறித்துத் தருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். என்னிடம் இருக்கும் அளவுக் கருவி 200 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் போகும் பெட்டியை வேப்பமர உச்சியில் முட்டும்படி மட்டுமே திருப்புவது என்று நமக்குள் இப்போதே பேசி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் ஊர் வரிக்காரன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்